தீர்வு இல்லாத இடம்: விண்மீனின் விளிம்பிலிருந்து பெங்களூரு வரை ஒரு சமன்பாட்டின் வரலாறு

பெங்களூருவின் அறிவியல் வரலாற்றைப் பேசுவோர் இராமனையும், பீண்யாவின் தொழிற்கூடங்களில் உருவான முதல் செயற்கைக்கோளையும், விமானத் தொழிலையும், மென்பொருளையும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அந்நகரில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தொடர்ந்துவரும் ஒரு கணித ஆராய்ச்சி மரபு அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. பொதுமக்களுக்கு எடுத்துக்காட்ட அதில் கருவி எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். அம்மரபின் மிகச் சிறந்த முடிவுகளுள் சில, 'இந்தச் சமன்பாட்டுக்கு இந்த இடத்தில் தீர்வு கிடையாது' என்று சொல்லி முடிபவை என்பது மற்றொரு காரணம். இல்லாத ஒன்றைக் கண்டறிந்ததற்கு விழா எடுப்பார் இல்லை. அந்த முடிவுகளின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு வானியல் கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது: வாயுவால் ஆன ஒரு கோளத்துக்கு விளிம்பு உண்டா?

1870இல் அமெரிக்கரான ஹோமர் லேன், சூரியனின் வெப்பநிலையைக் கணிக்க முயன்று ஒரு கட்டுரை வெளியிட்டார். வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர். சூரியனை ஒரு வாயுப் பந்தாக எடுத்துக்கொண்டு, உள்நோக்கி இழுக்கும் ஈர்ப்பும் வெளிநோக்கித் தள்ளும் அழுத்தமும் ஒவ்வோர் அடுக்கிலும் சமமாக நிற்க வேண்டும் என்று எழுதினார். அதிலிருந்து கிடைப்பது ஓர் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு; அதாவது ஓர் அளவையும், அதன் சரிவையும், அச்சரிவு மாறும் வீதத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் சமன்பாடு. செருமனியில் ரிட்டர் இதை விரிவாக ஆராய்ந்தார். மூனிக்கின் ராபர்ட் எம்டன் 1907இல் வாயுக் கோளங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் இதற்கு முழு வடிவம் தந்தார். லேன்–எம்டன் சமன்பாடு என்ற பெயர் இப்படித்தான் நிலைத்தது.

குறியீடுகள் இல்லாமலே அதைச் சொல்லிவிடலாம். மையத்தில் 1 என்ற மதிப்பில், சரிவு ஏதுமின்றி, ஒரு சார்பு தொடங்குகிறது. மையத்திலிருந்து விலகும் தூரத்தைக் காலம் என்று பாவித்துக்கொண்டால், அச்சார்பு ஓய்விலிருந்து கீழே விழும் ஒரு பொருளைப் போல நடந்துகொள்கிறது. அதைக் கீழே இழுக்கும் விசை, அப்போதைய உயரத்தை ஏதோ ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் வரும் அளவு. அதைத் தடுக்கும் உராய்வும் ஒன்று உண்டு. தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருந்து, தூரம் கூடக்கூடத் தளரும் உராய்வு. அப்பொருள் தரையைத் தொடும் இடமே விண்மீனின் விளிம்பு. தொடவில்லையென்றால் விளிம்பு இல்லை. அந்த வாயுக் கோளம் முடிவின்றி விரிகிறது என்று பொருள்.

எல்லாம் அந்த அடுக்கைப் பொறுத்தது. அடுக்கு 0 என்றால் 6இன் வர்க்கமூலத்தில், அதாவது 2.449இல், தரை வந்துவிடுகிறது. 1 என்றால் விளிம்பு சரியாகப் பை என்னும் எண்ணில், 3.142இல் அமைகிறது. ஒன்றரை என்றால் 3.654, 3 என்றால் 6.897, 4 என்றால் 14.97, நாலரை என்றால் 31.84. எண்கள் ஓடும் வேகத்தைக் கவனித்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று புலப்படும். அடுக்கு பெரிதாகும்போது, உயரம் சிறுத்த நிலையில் விசை மிகமிக மெலிந்துபோகிறது, 0.1ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.00001தானே மிஞ்சும். தரைக்கு அருகில் வந்த பொருளை மேற்கொண்டு இழுக்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

5இல் அது நடக்கிறது. 1883இல் ஆர்தர் ஷூஸ்டர் அந்த அடுக்குக்கு ஒரு முழுத் தீர்வைக் கண்டார்: தூரத்தின் வர்க்கத்தை மூன்றால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழைக் கொண்டால் போதும். இச்சார்பு எந்தத் தூரத்திலும் சுழியைத் தொடுவதில்லை. விளிம்பே இல்லாத விண்மீன் அது. ஆனால் அதன் மொத்த நிறை முடிவுள்ளது. இந்த வினோதக் கலவையை வானியலார் வீணடிக்கவில்லை. 1911இல் பிளம்மர் கோளக் கொத்துகளில் விண்மீன்கள் பரவியிருக்கும் விதத்தை வருணிக்க இதையே எடுத்தாண்டார். 5க்கு மேல் போனால் எந்த அடுக்கிலும் விளிம்பு கிடையாது. கணிதத்தில் ஓர் எண் இவ்வளவு கூர்மையாகக் கோடு கிழிப்பது அரிது. ஏன் 5, ஏன் 4.8 அல்லது 6 இல்லை என்ற கேள்விக்கு அக்காலத்தில் கணக்குப் போட்டுக் காட்டத்தான் முடிந்தது. காரணம் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவரின் வாழ்க்கை இந்தச் சமன்பாட்டோடு பிணைந்தது 1930இல். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்திருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அவ்வாண்டு சூலை இறுதியில் பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. வெண்குறுமீன் என்னும் இறந்த விண்மீன்களைப் பற்றி ஃபவுலர் 1926இல் எழுதிய ஆய்வை அவர் ஏற்கெனவே கற்றிருந்தார். ஃபவுலரின் கணக்கில் அடுக்கு ஒன்றரை. அந்த நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுமே என்று சந்திரசேகர் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். மிகக் கடுமையான நெருக்கத்தில் அடுக்கு 3 ஆக மாறியது. இம்மாற்றம் பார்வைக்குச் சிறியது. ஆனால் லேன்–எம்டன் கோளங்களில் அடுக்கு 3க்கு ஒரு தனிக் குணம் உண்டு: மைய அடர்த்தியை எவ்வளவு மாற்றினாலும் மொத்த நிறை மாறுவதில்லை. ஒரே ஒரு நிறைதான் சமநிலையில் நிற்கும். அதற்கு மேல் கனத்த வெண்குறுமீனுக்குச் சமநிலைத் தீர்வே கிடையாது. 1931இல் அவர் வெளியிட்ட மதிப்பு சூரிய நிறையில் 0.91 பங்கு, அணுக்களின் சேர்க்கை பற்றிய அக்கால ஊகம் அதில் கலந்திருந்தது. இன்று சொல்லப்படும் எண் சுமார் 1.44.

1935 சனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் இதை எள்ளி நகையாடிய கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இனவெறி, பொறாமை, மூத்தோர் அகந்தை என்று அதற்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. அவற்றில் உண்மை இருக்கலாம். கணித வரலாற்றின் கோணத்தில் வேறொன்று முதன்மையாகத் தெரிகிறது. எடிங்டன் சந்திரசேகரின் கணக்கில் பிழை காட்டவில்லை. தீர்வு இல்லை என்ற முடிவை இயற்கையைப் பற்றிய செய்தியாக ஏற்க அவர் மறுத்தார். சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லையென்றால் சமன்பாட்டில்தான் கோளாறு, விண்மீன் அப்படி நடந்துகொள்ள இயற்கை இடம் தராது என்பது அவர் நிலைப்பாடு. சந்திரசேகருக்கோ தீர்வு இல்லாமையே விடை: விண்மீன் அந்த இடத்தில் நிற்காது, வேறொன்றாக மாறும். எதுவாக மாறும் என்பதைச் சொல்லப் பிறகு பலர் தேவைப்பட்டனர். அந்தத் தர்க்கத்தின் வடிவம் மட்டும் 1935இலேயே முழுமை பெற்றிருந்தது.

சந்திரசேகரின் ஆதரவாளராக விளங்கிய ஃபவுலர், வானியலுக்கு வருமுன் தூய கணிதர். 1914இலேயே இவ்வகை இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளின் தீர்வுகள் தொலைவில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று தனிக் கட்டுரை எழுதியவர்; 1931இல் எம்டன் சமன்பாட்டுக்கே திரும்பி, 5க்குக் கீழும் மேலும் தீர்வுகள் எத்தனை வகையாகப் பிரிகின்றன என்று வகுத்தார். ஒரு சமன்பாட்டைத் தீர்க்காமலே அதன் தீர்வுகளின் நடத்தையைச் சொல்லும் கலை இது. சந்திரசேகர் தமது 1939ஆம் ஆண்டு நூலில் வாயுக் கோளங்களுக்கு ஒரு நெடிய அத்தியாயம் ஒதுக்கி இம்முடிவுகளைத் தொகுத்தார். வானியல் நூல் ஒன்றில் இத்தனை கண்டிப்பான கணிதம் இருப்பது அன்று புதுமை. இன்றும் அவ்வத்தியாயம் கணிதர்களின் மேற்கோள் பட்டியலில் இடம்பெறுகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லத் தகும். எம்டனும் சந்திரசேகரும் அட்டவணைகளைக் கணித்தது படிப்படியாகத்தான். 1932இல் பிரித்தானிய அறிவியல் சங்கம் எம்டன் சார்புகளுக்கென்றே ஓர் அட்டவணைத் தொகுதி வெளியிட்டது. சந்திரசேகர் பிரன்ஸ்விகா என்னும் கைப்பிடி சுற்றும் கணிப்பொறியை வைத்துக்கொண்டு எண்களோடு மல்லுக்கட்டினார். தொடர்ச்சியாக ஓடும் வளைகோட்டைச் சிறுசிறு படிகளாக வெட்டி, ஒரு படியிலிருந்து அடுத்த படியைக் கணிக்கும்போது வகைக்கெழுச் சமன்பாடு வேறுபாட்டுச் சமன்பாடாகிவிடுகிறது. இம்முறையில் இந்தியாவுக்கு ஐரோப்பாவைவிட மூப்பு அதிகம். 499இல் ஆரியபடர் தந்த ஜ்யா வேறுபாடுகள் 225, 224, 222, 219 என்று தொடங்குகின்றன. அவற்றைக் கூட்டினால் 225, 449, 671, 890 என்ற ஜ்யாக்கள் வரும். வேறுபாடுகளின் வேறுபாடோ 1, 2, 3. முதல் மூன்று ஜ்யாக்களையும் 225ஆல் வகுத்தால் ஏறத்தாழ அதே 1, 2, 3தான். இரண்டாம் வேறுபாடு ஜ்யாவுக்கு நேர்விகிதம் என்ற இந்த விதி ஓர் இரண்டாம் வரிசை வேறுபாட்டுச் சமன்பாடு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கேரளத்தில் நீலகண்டர் ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் அதற்கு வடிவியல் விளக்கம் தந்தார். இப்படிப்பட்ட படிக்கணக்கில் தீர்வு உண்டா என்ற கேள்வியே எழுவதில்லை. முதல் இரு எண்கள் கையில் இருந்தால் மூன்றாவது வந்துவிடும், பிறகு நான்காவது. ஏணியில் ஏறிக்கொண்டே போகலாம்.

ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எல்லா முனைகளிலும் நிபந்தனை விதிக்கப்பட்ட சமன்பாட்டைப் புள்ளிகளாக வெட்டிக் கணினியிடம் கொடுத்தால், அசல் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லாத இடத்திலும் அது ஒரு விடையை நீட்டும். கோளத்தின் விளிம்பில் சுழி, உள்ளே எங்கும் நேர்மதிப்பு, அடுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சமன்பாட்டுக்கு அப்படிப்பட்ட தீர்வு கிடையாது. நூறு புள்ளிகளில் எழுதிய வேறுபாட்டுச் சமன்பாட்டுக்கு உண்டு. ஆயிரம் புள்ளிகளுக்கும் உண்டு. புள்ளிகளைக் கூட்டக்கூட அந்தப் பொய்விடை ஓர் ஊசிமுனையாக உயர்ந்துகொண்டே போகும். 1981இல் பைட்கன், சௌபே, ஷ்மிட் ஆகிய மூவர், அசல் சமன்பாட்டோடு தொடர்பே இல்லாமல் வெட்டுமுறையால் மட்டும் பிறக்கும் இத்தகைய போலித் தீர்வுகளை ஆராய்ந்து எழுதினர். பாலத்தின் தாங்குதிறனையோ விமான இறக்கையின் அதிர்வையோ கணினியில் கணிக்கும் பொறியாளருக்கு, தீர்வு இருக்கிறதா என்பதை முன்கூட்டியே நிறுவித் தரும் கணிதர் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிட நேரான பதில் இல்லை.

அத்தகைய கணிதர்களை இந்தியாவில் உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் 1970களில் செயல்வடிவம் பெற்ற இடம் பெங்களூரு. பயன்பாட்டுக் கணிதம் அந்நகருக்குப் புதிதன்று. வாயுக்களின் இயக்கவியலில் 1954இல் வெளியான ஒரு புகழ்பெற்ற மாதிரியில் கிராஸ், குரூக் ஆகியோருடன் தம் பெயரும் நிலைத்த பி. எல். பட்நாகர், 1956இல் இந்திய அறிவியல் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையைத் தொடங்கியிருந்தார். பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ எண்கோட்பாட்டிலும் இயற்கணித வடிவியலிலும் உலகப் புகழ் பெற்றிருந்தது. வகைக்கெழுச் சமன்பாடுகளில் அதற்கு அவ்வளவு வலிமை இல்லை. எண்கோட்பாட்டாளரான கே. ஜி. இராமநாதன் இக்குறையை உணர்ந்து, இரு நிறுவனங்களும் இணைந்து பெங்களூருவில் ஒரு பயன்பாட்டுக் கணிதத் திட்டம் நடத்த வழிசெய்தார். தம் துறைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒன்றுக்கு ஒரு எண்கோட்பாட்டாளர் இவ்வளவு உழைத்தது இந்தியக் கல்விச்சூழலில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

துணை வந்தது பிரான்சிலிருந்து. ழாக்-லூயி லியோன்சும் அவரைச் சூழ்ந்திருந்த பாரிஸ் கணிதர்களும் இத்திட்டத்துக்குத் தோள்கொடுத்தனர். சியார்லே, குளோவின்ஸ்கி போன்றோரின் விரிவுரைகள் டாடா நிறுவன வெளியீடுகளாயின. 1975இல் வெளியான சியார்லேயின் விரிவுரைகளைக் குறிப்பெடுத்து எழுதியவர்களுள் எஸ். கேசவனும் எம். வன்னிநாதனும் இருந்தனர், இருவரும் பின்னாளில் இத்துறையில் பெயர்பெற்றனர். அந்தத் தலைமுறையின் பணியைப் புரிந்துகொள்ளக் கணிதத்தில் இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

5 என்னும் எண்ணின் இரகசியம் வானியலுக்கு வெளியே அவிழ்ந்தது. 1938இல் சோவியத் கணிதர் சோபொலெவ், ஒரு சார்பின் சரிவு மொத்தத்தில் கட்டுக்குள் இருந்தால் அச்சார்பின் எந்த அடுக்குவரை கட்டுக்குள் இருக்கும் என்று காட்டும் சமனின்மையை நிறுவினார். பரிமாணம் கூடக்கூட அந்த வரம்பு குறையும். பரிமாணத்தோடு 2 கூட்டியதை, பரிமாணத்திலிருந்து 2 கழித்ததால் வகுத்தால், சமன்பாட்டுக்குரிய நெருக்கடி அடுக்கு கிடைக்கும்: மூன்று பரிமாணத்தில் 5, நான்கில் 3, ஆறில் 2. ஷூஸ்டர் கண்ட எல்லை, நாம் வாழும் வெளி முப்பரிமாணம் என்பதன் நேரடி விளைவு! 1965இல் பொஹொசாயெவ், அந்த அடுக்கிலும் அதற்கு மேலும், விளிம்பில் சுழியாகும் நேர்மதிப்புத் தீர்வு கோளத்தில் மட்டுமன்றி, உள்ளே ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் மறைவின்றித் தெரியும் எந்தப் பகுதியிலும் கிடையாது என்று சில வரிகளில் நிறுவினார். கணிதர் அத்தகைய பகுதியை 'விண்மீன் வடிவப் பகுதி' என்றே அழைப்பது ஓர் இனிய தற்செயல்.

1976இல் ஓபானும் தலெந்தியும் சோபொலெவ் சமனின்மையில் சமக்குறி எப்போது வரும் என்று தனித்தனியே ஆராய்ந்தனர். முப்பரிமாணத்தில் வந்து நின்றது 1883இன் அதே ஷூஸ்டர் சார்பு. இதை எத்தனை சுருக்கினாலும், மையத்தை உயர்த்திக் கூராக்கினாலும், அதன் ஆற்றல் மாறுவதில்லை. தீர்வு தப்பியோடும் வழி அதுதான்: தீர்வைத் தேடிச் செல்லும் தொடர் ஒன்று வரவரச் சுருங்கி, ஒரு புள்ளியில் குமிழியாகக் குவிந்து மறைந்துவிடுகிறது. கணினியின் ஊசிமுனைப் பொய்விடையும் இந்தக் குமிழியின் நிழல்தான்.

1983இல் பிரெசிஸும் நிரென்பெர்க்கும் இந்த ஓட்டத்துக்கு ஒரு தடுப்பைக் கண்டனர். நெருக்கடி அடுக்கோடு, சார்புக்கு நேர்விகிதமான ஒரு சிறு உறுப்பைச் சேர்த்தால் தீர்வு பிழைக்கக்கூடும். நான்கும் அதற்கு மேலுமான பரிமாணங்களில் அந்த உறுப்பின் கெழு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும். முப்பரிமாணக் கோளத்தில் மட்டும் கதை வேறு: ஆரம் 1 என்றால், கெழு 2.467க்கும் 9.870க்கும் இடையே இருந்தால்தான் தீர்வு உண்டு, 2.467ஐ எட்டாவிட்டால் இல்லை. பரிமாணம் இவ்வளவு நுட்பமாகத் தலையிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கோளத்தில் நேர்மதிப்புத் தீர்வுகள் மையத்தைச் சுற்றிச் சமச்சீராகவே இருக்கும் என்று கிதாஸ், நீ, நிரென்பெர்க் 1979இல் நிறுவியிருந்ததால், இக்கேள்விகள் மீண்டும் பழைய எம்டன்–ஃபவுலர் வகை இரண்டாம் வரிசைச் சாதாரணச் சமன்பாடுகளாகச் சுருங்கின. 1986இல் அட்கின்சனும் பெலெதியரும் அவ்வழியில் ஒரு முக்கியக் கட்டுரை எழுதினர்.

பெங்களூருக் குழு களத்தில் இறங்கியது இந்தக் கட்டத்தில். ஆதிமூர்த்தி, எஸ். எல். யாதவா, பி. என். ஸ்ரீகாந்த் ஆகியோரின் கட்டுரைகள் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளிவந்தன. இரு பரிமாணத்தில் 5ஐப் போன்ற அடுக்கே கிடையாது. எந்த அடுக்கும் கட்டுக்குள் நிற்கும், நெருக்கடி வருவது அடுக்குக்குறி வளர்ச்சி சார்பின் வர்க்கத்தைத் தொடும்போதுதான் என்று திருதிங்கரும் மோசரும் காட்டியிருந்தனர். அந்த நெருக்கடி வளர்ச்சியிலும் எப்போது தீர்வு உண்டு என்பதை ஆதிமூர்த்தி 1990இல் நிறுவினார். இன்று இத்துறைக்குள் நுழையும் எவரும் அக்கட்டுரையைக் கடந்தே போக வேண்டும். தீர்வு இருந்தால் அது ஒன்றுதானா என்ற கேள்வியை ஸ்ரீகாந்த் எடுத்துக்கொண்டார். நேர்கோட்டு உறுப்பு சேர்ந்த சமன்பாட்டுக்குக் கோளத்தில் நேர்மதிப்புத் தீர்வின் ஒருமையை அவர் 1993இல் நிறுவியது இதன் தொடர்ச்சி.

இவற்றுள் வரலாற்றுச் சுவை மிகுந்தது ஆதிமூர்த்தியும் யாதவாவும் 1991இல் வெளியிட்ட ஒரு முடிவு. அதன் பின்னணி விண்மீன் இல்லை. மண்ணில் வாழும் சளிப்பூஞ்சை. உணவு தீர்ந்ததும் இவ்வுயிரணுக்கள் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, அதன் மணத்தைப் பின்பற்றி ஒன்றுகூடும். 1970இல் கெல்லரும் செகலும் இதற்குச் சமன்பாடு எழுதினர். 1973இல் வித்யானந்த் நஞ்சுண்டையா, உயிரணுக்களின் அடர்த்தி ஒரே புள்ளியில் அளவின்றிக் குவியக்கூடும் என்று அச்சமன்பாட்டிலிருந்து ஊகித்தார்; அவர் பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். சமன்பாட்டின் நிலைத்த தீர்வுகளை 1988இல் லின், நீ, தகாகி மூவரும் ஆராய்ந்தபோது, விளிம்பு நிபந்தனை மாறியிருந்தது. இங்கே சார்பு விளிம்பில் சுழியாக வேண்டியதில்லை. சரிவு சுழியாக வேண்டும். பாத்திரத்தின் சுவரைத் தாண்டி எதுவும் வெளியேறாது என்பதே அதன் பொருள்.

இந்த நிபந்தனையில் ஒரு சாதாரணத் தீர்வு எப்போதும் உண்டு: எங்கும் ஒரே அளவு. உயிரணுக்கள் கூடவில்லை, வடிவம் எதுவும் பிறக்கவில்லை. வேதிப்பொருள் மிக வேகமாகப் பரவினால் இந்தச் சமநிலை மட்டுமே எஞ்சும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நெருக்கடி அடுக்குக்குக் கீழே அது நிறுவப்பட்டும்விட்டது. நெருக்கடி அடுக்கிலும் அப்படியே என்று லின்னும் நீயும் கருதுகோள் வைத்தனர். ஆதிமூர்த்தியும் யாதவாவும் கோளத்தில், மையச் சமச்சீருடைய தீர்வுகளை ஒவ்வொரு பரிமாணமாக அலசினர். முப்பரிமாணத்தில் கருதுகோள் சரி. ஏழும் அதற்கு மேலுமான பரிமாணங்களில் சரி. இடையில் 4, 5, 6 ஆகிய மூன்று பரிமாணங்களில் மட்டும் தவறு. அங்கே பரவல் எவ்வளவு வேகமாக இருந்தாலும், மையத்தில் உயர்ந்து விளிம்பு நோக்கித் தாழும் மாறாத வடிவம் ஒன்று பிழைத்து நிற்கிறது. அதே ஆண்டில் பட், நாப், பெலெதியர் ஆகியோரும் வேறு வழியில் இதைத் தொட்டனர். கருதுகோள் முழுதும் உண்மையாகவோ முழுதும் பொய்யாகவோ இருக்கும் என்று காத்திருந்தோருக்கு, நடுவில் மூன்று எண்கள் மட்டும் விலகி நின்ற இந்த விடை எளிதில் செரிக்கவில்லை.

கருவி என்று பார்த்தால் இவர்கள் பயன்படுத்தியது பழையதுதான். மையத்தில் ஓர் உயரத்திலிருந்து சார்பை விடுவித்து, எப்போது அதன் சரிவு மறுபடி சுழியாகிறது என்று அளப்பது. மைய உயரத்தை அளவின்றிக் கூட்டும்போது, மையத்தருகே தீர்வு ஷூஸ்டர் சார்பின் சுருங்கிய பிரதியாகவே நடந்துகொள்ளும். அப்பிரதியின் மிக மெல்லிய வால் விளிம்பை எவ்வளவு தொடுகிறது என்பதில் முடிவு தங்கியிருக்கிறது. முப்பரிமாணத்தில் அந்த வால் தடித்தது, உயர்பரிமாணங்களில் மிக மெலிந்தது. இடைப்பட்ட மூன்றில் இரு விளைவுகளும் ஒன்றையொன்று வெல்ல முடியாமல் புதிய தீர்வுக்கு இடம்விடுகின்றன. சமச்சீரை விட்டு வெளியே வந்த ஆய்வுகளும் இக்குழுவிடமிருந்து எழுந்தன. இத்தாலியின் மன்சினியோடும் பசெல்லாவோடும் இணைந்து, பரவல் மெதுவாகும்போது குமிழிகள் விளிம்பில் எங்கே குடியேறும் என்று ஆதிமூர்த்தி ஆராய்ந்தார். 1993இல் பசெல்லா, யாதவா ஆகியோருடன் எழுதிய கட்டுரையின்படி, விளிம்பு மிக அதிகமாக வளைந்திருக்கும் இடமே அவற்றின் இருப்பிடம். பாத்திரத்தின் வடிவம் உயிரணுக்கள் கூடும் இடத்தைத் தீர்மானிக்கிறது.

இத்திட்டம் பின்னர் இந்திய அறிவியல் கழக வளாகத்தை விட்டு, நகரின் வடக்கே எலகங்கா அருகே சிக்கபொம்மசந்திராவில் சொந்த வளாகத்துக்குப் பெயர்ந்து, டாடா நிறுவனத்தின் பயன்படு கணித மையமாக இயங்கிவருகிறது. லின்–நீ கேள்வியோ உலகெங்கும் அலைந்தது. 1999இல் மெய்ஜுன் ஸூ முப்பரிமாணக் குவிந்த பகுதிகளில் கருதுகோளை நிறுவினார். 2010இல் வாங், வெய், யான் ஆகியோர், சில பகுதிகளில் ஆற்றலுக்கு வரம்பு விதிக்காவிட்டால் தீர்வுகள் எண்ணிலடங்காமல் கிடைக்கும் என்று காட்டிக் கருதுகோளை வேறொரு பக்கத்திலிருந்து தகர்த்தனர். 2012இல் துருவே, ராபர்ட், வெய் மூவரும் ஆற்றல் வரம்புக்கு உட்பட்ட தீர்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, விளிம்பு சராசரியில் வெளிநோக்கிக் குவிந்த எல்லாப் பகுதிகளுக்கும் விடை கண்டனர். சமச்சீர் தேவையில்லை, கோளமும் தேவையில்லை. அவர்களுடைய தேற்றம் செல்லுபடியாகும் பரிமாணங்கள்: மூன்று, பிறகு ஏழும் அதற்கு மேலும்.